கேசட்டில் வந்த விளையாட்டுகள்

சென்ற இதழில் கல்லூரி மாணவர் ஒருவர், "நீங்கள் முதன்முதலில் தொட்ட கணினி எது?" என்று கேட்டிருந்தார். "இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 1983, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரம்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழில் என் பக்கங்கள் முழுவதும் ஸ்பெக்ட்ரத்துக்கும் அதில் ஓடிய விளையாட்டுகளுக்கும்தான்.

ஸ்பெக்ட்ரம் என்பது யார் தயாரித்த கணினி? லெஸ்டரில் உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் கிளைவ் சின்கிளேர் நடத்திய நிறுவனம் 1982 ஏப்ரல் 23 அன்று அறிமுகப்படுத்திய வீட்டுக் கணினி அது. 16 கே நினைவகம் உள்ளது 125 பவுண்டு; 48 கே உள்ளது 175 பவுண்டு. என் அப்பா லெஸ்டரில் ஒரு மருத்துவமனையில் டாக்டராக இருந்தார். கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவர். அடுத்த ஆண்டு 48 கே கணினியின் விலை 130 பவுண்டுக்கு இறங்கிய பிறகே கடைக்குப் போனார். எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஏழு.

பெட்டியைத் திறந்ததும், "மீதிக் கம்ப்யூட்டர் எங்கே?" என்று தம்பி கேட்டான். கறுப்பாக, ஒரு பாடப்புத்தகம் அளவில், நாற்பது ரப்பர் பொத்தான்களோடு ஒரு பலகை. வலது மூலையில் நான்கு நிறத்தில் சாய்ந்த கோடுகள். அவ்வளவுதான். திரையாக வீட்டுத் தொலைக்காட்சி. ஆகவே அப்பா செய்தி பார்க்க உட்காரும்வரைதான் எங்கள் ராஜ்ஜியம்.

48 கே என்பது (ஏறக்குறைய 49,000 பைட்; பைட் என்பது நினைவகத்தை அளக்கும் அலகு) எவ்வளவு சிறியது என்று சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் எல்லாப் பதில்களுக்கும் இது வேண்டியிருக்கும். இன்றைய யூனிகோடில் 'க' என்று ஓர் எழுத்து அடித்தால் மூன்று பைட். 'கொ' என்றால் ஆறு. நீங்கள் இப்போது படிக்கும் இந்தக் கேள்வி–பதில் பகுதியைச் சேமிக்கவே அந்தக் கணினியின் நினைவகத்தில் பெரும்பகுதி போய்விடும். அந்த இடத்துக்குள் குகைகளையும் அரண்மனைகளையும் கட்டி, ஆள் நடமாட விட்டிருந்தார்கள்.

கேசட்டில் பாட்டு கேட்டிருக்கிறோம். கேசட்டிலிருந்து விளையாட்டு எப்படி வரும்?
– ஒரு பள்ளி மாணவன், சிவகாசி

பாட்டு வந்த அதே வழியில்தான் தம்பி. எங்கள் வீட்டில் அம்மா கச்சேரி கேட்பதற்காக வைத்திருந்த டேப் ரெக்கார்டர்தான் இதற்கும் பயன்பட்டது. அதன் இயர்போன் துளையிலிருந்து கணினியின் பின்புறம் 'இயர்' என்று எழுதிய துளைக்கு ஒரு வயர். கணினியில் 'ஜே' பொத்தானை ஒரு முறை அழுத்தினால் 'லோடு' என்ற முழுச் சொல்லும் திரையில் வந்து உட்காரும். 'சிம்பல் ஷிஃப்ட்' பொத்தானைப் பிடித்துக்கொண்டு 'பி'யை இருமுறை தட்டினால் இரண்டு மேற்கோள் குறிகள். பிறகு என்டர். பிறகு ரெக்கார்டரில் பிளே.

கேசட்டில் இருந்தது வெறும் ஓசை. பூஜ்யம் என்றால் குறுகிய துடிப்பு. ஒன்று என்றால் அதைப்போல் இரு மடங்கு நீண்ட துடிப்பு. கணினி அந்த நீளங்களை அளந்து அளந்து பைட்டுகளாகச் சேர்க்கும். முதலில் சில நொடிகள் 'பீ...' என்று ஒரே சுருதி. அப்போது திரையின் ஓரச் சட்டத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் நகரும். "பாடுவதற்கு முன்னால் சுருதி சேர்க்கிறது" என்பார் அம்மா. அதைவிடச் சரியான விளக்கத்தை நான் இதுவரை எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை. பின் ஓசை கரகரப்பாக மாறும்; பட்டைகள் நீலமும் மஞ்சளுமாகும். அதுதான் தரவு.

முதலில் ஒரு படம் வரும். மேலிருந்து கீழாக ஒழுங்காக வராது. திரையை மூன்று பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் எட்டு வரிக்கு ஒரு வரி என்று விட்டு விட்டு இறங்கும். மறுபடி மேலே போய் இடைவெளிகளை நிரப்பும். மூங்கில் தட்டியின் இடுக்கு வழியே ஒரு காட்சி கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிவதுபோல் இருக்கும். முழுவதும் நிரம்பிய பிறகு, கடைசி நான்கைந்து நொடியில், மேலிருந்து கீழாக நிறங்கள் ஓடிப் பரவும். அந்த நான்கைந்து நொடிக்காகத் தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஒரு பெரிய விளையாட்டு ஏறி முடிய ஏறக்குறைய ஐந்து நிமிடம். கடைசியில் ஒரு சரிபார்ப்பு பைட் உண்டு. சரிபார்த்ததில் ஒன்று பிசகினாலும் 'டேப் லோடிங் எர்ரர்' என்று வந்துவிடும். ஐந்து நிமிடமும் வீண், திரும்ப முதலிலிருந்து. எங்கள் ரெக்கார்டரில் ஒலியளவுக் குமிழில் அப்பா பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அந்தக் கோட்டைத் தாண்டினாலும் ஏறாது, குறைந்தாலும் ஏறாது. அதற்கும் மசியாத கேசட் என்றால் சிறு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, டேப்பின் தலைக்குப் பக்கத்தில் இருக்கும் திருகாணியைத் துளித்துளியாகத் திருப்புவோம். கேசட்டைப் பதிந்த இயந்திரத்தின் தலையும் நம் இயந்திரத்தின் தலையும் ஒரே கோணத்தில் இல்லாவிட்டால் கூர்மையான ஓசைகள் மங்கிப் போகும். ஓசை எந்த இடத்தில் மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு அம்மாவின் கச்சேரி கேசட்டுகள் மந்தமாக ஒலிக்கும், வசவு கிடைக்கும், திரும்பவும் திருகாணி.

ஓசைதானே என்பதால் வானொலியில் அனுப்பவும் முடிந்தது. 1983இல் யுகோஸ்லாவியாவில் பெல்கிரேட் வானொலியின் 'வென்டிலேட்டர் 202' என்ற நிகழ்ச்சியில் கணினி நிரல்களை (புரோகிராம்களை) ஒலிபரப்பினார்கள். நேயர்கள் அதை கேசட்டில் பதிந்துகொண்டு தங்கள் கணினியில் ஏற்றிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு விளையாட்டை மட்டும் விளையாடிப் பார்க்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?
– ஒரு மென்பொருள் பொறியாளர், சென்னை

'மேனிக் மைனர்.' 1983இல் வந்தது. எழுதியவர் மேத்யூ ஸ்மித். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள வாலசி ஊர்க்காரர். அப்போது அவருக்கு வயது பதினேழு. ஓவியம், நிரல், குகைகளின் அமைப்பு எல்லாம் அவர் ஒருவர் கை.

வில்லி என்ற சுரங்கத் தொழிலாளி இருபது குகைகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு குகையிலும் மினுங்கும் பொருள்களைப் பொறுக்கினால்தான் வாசல் திறக்கும். கீழே காற்று அளவைக் காட்டும் பட்டை சுருங்கிக்கொண்டே வரும். முதல் குகையைப் பாருங்கள். ஒரு திரை முழுதும் கண்முன்னே இருக்கிறது. மறைவாக எதுவும் இல்லை. சில இடங்களில் தரை, கால் வைத்தவுடன் உதிரத் தொடங்கும். அங்கே நின்று யோசிக்க முடியாது. நடுவே ஒரு கன்வேயர் பட்டை உங்களை இழுத்துக்கொண்டு போகும். நச்சுச் செடிகள் அசையாமல் காத்திருக்கும். ஓர் இயந்திர மனிதன் வலமும் இடமுமாக ஒரே சீராக நடப்பான். அவன் நடையில் எந்தக் கணத்தில் கிளம்பினால் தலைக்கு மேலாகத் தாண்டலாம் என்பதை நீங்கள் எண்ணிக் கற்க வேண்டும்.

குதிப்பதில்தான் இந்த ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. வில்லி குதித்துவிட்டால் நடுவானில் திசை மாற்ற முடியாது. எழும் உயரம், விழும் தூரம், எல்லாம் ஒவ்வொரு முறையும் புள்ளி பிசகாமல் ஒன்றேதான். ஆகவே தோற்றால் பழி போட வேறு யாரும் இல்லை. நீங்கள் நின்ற இடம் ஓரடி தவறு. பாண்டி ஆடும் சிறுமிக்குக் கட்டத்தின் கோடு எப்படிக் காலுக்கே தெரியுமோ, அப்படி ஒரு வாரத்தில் அந்தக் குதிப்பு விரலுக்குத் தெரிந்துவிடும்.

இசையையும் கவனியுங்கள். நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் மெட்டு ஒன்று விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். ஸ்பெக்ட்ரத்தில் ஒலிக்கென்று தனிச் சில்லு கிடையாது. மையச் செயலியே ஒலிபெருக்கியைத் தட்டித் தட்டி அதிர வைக்க வேண்டும். தட்டும் நேரத்தில் வேறு வேலை பார்க்க முடியாது. அதனால் வில்லியை நகர்த்துவதற்கும் அடுத்த நகர்வுக்கும் இடையில் ஒரு துணுக்கு ஒலி, மறுபடி நகர்வு, மறுபடி துணுக்கு என்று பின்னியிருக்கிறார். அதனால்தான் அந்த மெட்டு விக்கி விக்கி ஒலிக்கிறது. அடுப்பையும் பார்த்துக்கொண்டு, தொட்டிலையும் ஆட்டிக்கொண்டு, வாய்க்குள் ஒரு பாட்டையும் முணுமுணுப்பவரின் வேலை அது. மீதமிருக்கும் உயிர்கள் திரையின் அடியில் வரிசையாக நின்று அந்த மெட்டுக்கு ஆடுவது இன்னொரு அழகு.

நானும் தம்பியும் உயிருக்கு ஒருவர் என்று முறை வைத்து ஆடினோம். பத்தொன்பதாவது குகையில் ஓர் ஒளிக்கற்றை உண்டு; அது மேலே பட்டால் காற்று மளமளவென்று குறையும். அதைக் கடக்க எங்களுக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் பிடித்தது.

பழைய ஆட்டங்களின் காணொளிகளில் ஓர் உருவம் நகரும்போது பக்கத்தில் உள்ளதன் நிறமும் மாறுகிறதே, அது பிழையா?
– ஒரு ஓவிய ஆசிரியர், புதுச்சேரி

பிழை அல்ல, சிக்கனம். திரையில் 256க்கு 192 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் கொடுத்தால் நினைவகத்தில் பாதி அதற்கே போயிருக்கும். ஆகவே எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சதுரங்களாகப் பிரித்து, ஒரு சதுரத்துக்கு இரண்டே நிறம் என்று வைத்தார்கள். படத்துக்கும் நிறத்துக்கும் சேர்த்து மொத்தம் 6,912 பைட்டில் முடிந்துவிட்டது. பச்சை மரத்தின் சதுரத்துக்குள் மஞ்சள் மனிதன் நுழைந்தால் மரமும் மஞ்சளாகும்.

இந்தக் கட்டுப்பாட்டை எப்படிக் கையாண்டார்கள் என்பதில்தான் ஒவ்வொருவர் திறமையும் தெரியும். ஆஷ்பி என்ற சிற்றூரில் இருந்த 'அல்டிமேட் ப்ளே த கேம்' நிறுவனத்தின் ஸ்டாம்பர் சகோதரர்கள் 1984இல் 'நைட் லோர்' வெளியிட்டார்கள். ஓர் அறைக்கு ஒரே நிறம், மீதி கறுப்பு. நிறத்தை விட்டுக்கொடுத்துவிட்டு ஆழத்தை வாங்கிக்கொண்டார்கள். மூலையிலிருந்து சாய்வாகப் பார்க்கும் கோட்டை அறைகள். ஒரு கல்லுக்குப் பின்னால் போனால் ஆள் சரியாக மறைவான். பெட்டியை நகர்த்தி மேலே ஏறலாம். பகலில் மனிதன், இரவில் ஓநாய். நாற்பது நாளுக்குள் சாபம் நீங்க வேண்டும். ஓவியம் கற்பிப்பவர் நீங்கள். கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்துக்கு இருக்கும் கம்பீரத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவர்கள் கேசட் அட்டையில் 'லெஸ்டர்ஷைர்' என்று முகவரி அச்சாகி இருக்கும். எங்கள் மாவட்டம். கடைச் சரக்கு எல்லாம் எங்கோ தொலைவில் செய்யப்படுவது என்று நினைத்திருந்த எனக்கு அந்த ஒரு வரி பெரிய விஷயமாக இருந்தது. அப்பாவை நச்சரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஷ்பிக்குப் போனோம். கடைகள் அடைத்திருந்த அமைதியான தெருக்கள். தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இந்தியாவில் இது கிடைத்ததா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

கிடைத்தது. 1986இல் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் உரிமம் பெற்று ஸ்பெக்ட்ரம் பிளஸ் கணினியை இங்கே விற்றது. ஆனால் அந்தக் காலத்தில் நம் பள்ளிகளில் படித்தவர்களுக்கு நினைவிருப்பது பெரும்பாலும் பிபிசி மைக்ரோ என்ற இன்னொரு பிரிட்டிஷ் கணினியாக இருக்கும். 1984–85இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்தது அதுதான். விண்வெளியில் வணிகம் செய்யும் புகழ்பெற்ற 'எலீட்' விளையாட்டும் முதலில் அந்த பிபிசி மைக்ரோவுக்காகவே 1984இல் எழுதப்பட்டது.

எல்லாம் ஓடுவதும் தாவுவதும் சுடுவதும்தானா? என் மகளுக்கு அதில் விருப்பமில்லை.
– ஒரு தாய், ஈரோடு

எனக்கும் சுடுவதில் விருப்பமில்லை அம்மா. உங்கள் மகளுக்கு மூன்று சொல்கிறேன்.

'தி ஹாபிட்', 1982. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் எழுதப்பட்டது. முக்கியப் பங்கு வெரோனிகா மெக்லர் என்ற மாணவியுடையது. ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் கதையைச் சொற்களாலேயே விளையாட வேண்டும். கதவைத் திற, வரைபடத்தைப் படி, இன்னாரிடம் இதைக் கேள் என்று வாக்கியமாகத் தட்டலாம். நீங்கள் சும்மா இருந்தாலும் மற்றப் பாத்திரங்கள் தம் போக்கில் ஏதாவது செய்துகொண்டிருக்கும். என் ஆங்கிலம் பள்ளியில் வளர்ந்ததைவிட இதில் வேகமாக வளர்ந்தது. சரியான வினைச்சொல் தெரியாவிட்டால் கதவு திறக்காதே.

'ஆன்ட் அட்டாக்', 1983. எழுதியவர் சாண்டி வைட். மதில் சூழ்ந்த பாழ்நகரம், ராட்சத எறும்புகள். இதில் எறிகுண்டு உண்டு, சொல்லிவிடுகிறேன். ஆனால் தொடக்கத்திலேயே நீங்கள் பெண்ணா ஆணா என்று கேட்கும். பெண் என்றால் நீங்கள் போய்ப் பையனைக் காப்பாற்ற வேண்டும். 1983இல் பத்து வயதுப் பெண்ணுக்குத் திரை அப்படி ஒரு கேள்வி கேட்டது. நான் அந்தப் பொத்தானை அழுத்திய கணம் இன்றும் விரலில் இருக்கிறது.

'ஸ்கூல் டேஸ்', 1984. ஒரு பள்ளிக்கூடம் முழுவதும் இயங்கும்: மணி அடிக்கும், ஆசிரியர்கள் வகுப்புக்கு நடப்பார்கள், கரும்பலகையில் எழுதுவார்கள். எரிக் என்ற மாணவன் தன் மதிப்பெண் அட்டையை மீட்க வேண்டும். தொடங்கும் முன் ஆசிரியர்களுக்கு நாம் விரும்பிய பெயரை வைத்துக்கொள்ளலாம். என்ன பெயர்கள் வைத்தோம் என்று எழுத மாட்டேன்.

முடிவில்லாத உயிர்கள் பெறக் குறுக்கு வழி இருந்ததாமே! அது ஏமாற்று வேலை இல்லையா?
– ஒரு வாசகர், சேலம்

இருந்தது. அந்த வழிதான் என்னைக் கணினி ஆசிரியை ஆக்கியது, ஆகவே நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இதழ்களில் 'போக்' என்ற கட்டளைகள் அச்சாகும். மேனிக் மைனருக்கு 'போக் 35136, 0'. விளையாட்டை ஏற்றும் சிறு நிரலை மட்டும் முதலில் ஏற்றி, ஆட்டம் தொடங்கும் வரிக்கு முன்னால் இதைச் செருக வேண்டும். நான் செருகினேன். வில்லி விழுந்தான்; உயிர் குறையவில்லை. தம்பி கூச்சலிட்டுக் கொண்டாடினான். எனக்கோ 35136 என்றால் என்ன என்பதுதான் கேள்வி. அப்பாவோடு உட்கார்ந்து கையேட்டைப் புரட்டினோம். அது நினைவகத்தில் ஒரு முகவரி, 35,136ஆவது வீடு. அந்த வீட்டில் 'உயிரில் ஒன்றைக் குறை' என்ற கட்டளை குடியிருந்தது. அங்கே பூஜ்யத்தை வைத்தால், அந்தச் செயலியின் மொழியில் அதற்குப் பொருள் 'ஒன்றும் செய்யாதே'. அவ்வளவுதான். சாவு என்பது அந்த உலகத்தில் ஒரே ஒரு பைட். அதை எழுதியவரும் என்னைவிட ஏழு வயது மூத்த ஒரு பையன். அப்படியானால் நானும் எழுதலாமே! அன்று இரவு தூக்கம் வரவில்லை.

லண்டனில் இருந்த என் மாமா விட்டுச்சென்ற பெட்டியில் ஸ்பெக்ட்ரமும் இருபது கேசட்டுகளும் இருக்கின்றன. மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

அவசரப்பட வேண்டாம். அதன் அடாப்டர் 9 வோல்ட் டிசி மின்சாரம் தருவது. ஆனால் பிளக்கின் நடுமுனை எதிர்மின். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை நேர்மின்தான். மாற்றிக் குத்தினால் கணினி கெட்டுவிடும். பழைய அடாப்டரையும் நம்பாமல், மின்னணு வேலை தெரிந்தவரிடம் கொடுத்து வோல்டேஜ் அளந்து பாருங்கள். ரப்பர் பொத்தான்களுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று உண்டு. அதன் வால்பகுதி வயதாகி நொறுங்கியிருக்கும். மூடியைத் திறக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் கையோடு வந்துவிடும். புதிய தாள் இப்போதும் தயாரித்து விற்கிறார்கள், கவலை வேண்டாம். படம் தொலைக்காட்சியின் ஆன்டெனா துளை வழியாகத்தான் வரும். இன்றைய தொலைக்காட்சியில் அது சிரமம். வீடியோ இணைப்பாக மாற்றச் சிறு வேலை ஒன்று இருக்கிறது. அதையும் அந்த மெக்கானிக்கே செய்வார்.

ஆனால் கணினியைவிட கேசட்டுகள்தான் அவசரம். நாடாவுக்கு வயது ஏற ஏற ஓசை மங்கும். ஒவ்வொன்றையும் ஒரு முறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். பிறகு நல்ல ரெக்கார்டரிலிருந்து இன்றைய கணினிக்கு வயர் போட்டு, சுருக்காத ஒலிக்கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 வேண்டாம், அது துடிப்புகளின் விளிம்பைத் தின்றுவிடும். அந்தக் கோப்பை எமுலேட்டரில் (இன்றைய கணினியைப் பழைய ஸ்பெக்ட்ரம்போல் நடந்துகொள்ள வைக்கும் நிரல்) கொடுத்தால் அப்படியே ஏறும். இரண்டு பக்கத்தையும் பதியுங்கள். பல கேசட்டுகளில் மறுபக்கத்திலும் அதே ஆட்டம் இருக்கும்; ஒரு பக்கத்தில் ஒரு பைட் அழிந்திருந்தாலும் மற்றது கைகொடுக்கும்.

கடையில் விற்ற ஆட்டங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உலகில் பலரிடம் பத்திரமாக இருக்கின்றன. அந்த இருபதில் உங்கள் மாமா கையெழுத்தில் பெயர் எழுதிய கேசட் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அதைப் பதியுங்கள். அவரே எழுதிய நிரல் ஏதாவது அதில் இருக்கலாம். அதற்கு வேறெங்கும் பிரதி இருக்காது.